மாமாவின் பிரோக்: சீரமைப்பு நாட்குறிப்பு

ஜூன் 15

தென்கிழக்குக் காற்று பிடித்துவிட்டது. மொரீஷியஸில் மாஹேபூர்ப் பக்கம் ஜூன் பிறந்தால் இப்படித்தான். பவளப்பாறை விளிம்பில் அலை வெள்ளை வெள்ளையாக உடைகிறது. கடலுக்குப் போக வழியில்லாத இந்த நாட்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மாமாவின், அதாவது என் மாமனாரின், பிரோக்கை (இங்கே சிறு மீன்பிடிப் படகுக்கு அப்படித்தான் பேர்) கரையேற்றி, வில் நுவார் வீட்டு முற்றத்து மாமர நிழலில் வைத்தோம். 18 அடி ஃபைபர் படகு, 15 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்.

மாமா கேட்பது மூன்று: நிழலுக்குக் கூரை, மீன் போட ஐஸ் பெட்டி, இரவுக்கு விளக்கு. நான் அதற்கெல்லாம் முன்னால் ஒன்று வைக்கிறேன். தண்ணீர் நிறைந்தாலும் படகு மூழ்கக் கூடாது. மாமனார் இந்த வயதிலும் தனியாளாகப் பாறை வாய் (பவளப்பாறை நடுவே உள்ள இடைவெளி) தாண்டி விளமீனுக்குத் தூண்டில் போடப் போகிறவர். தூத்துக்குடியில் ஃபைபர் படகுப் பட்டறையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே எனக்கு இந்தக் கவலை உண்டு.

ஜூன் 17

அமரத்தில் (படகின் பின்முனையில்) எஞ்சின் மாட்டும் பலகையைச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தேன். ஓரங்களில் "டக் டக்" என்று கெட்டியான சத்தம். நடுவில், எஞ்சின் போல்ட்டைச் சுற்றி, "பொத்" என்றது. உள்பக்க ஃபைபரை வெட்டித் திறந்ததும் தெரிந்துவிட்டது: உள்ளே இருந்த பிளைவுட் கறுத்து, விரலால் அழுத்தினால் தண்ணீர் கசிகிறது. வெளியே பெயின்ட் புதிதுபோல மினுங்கியது. பழைய படகு வாங்க நினைப்பவர்கள் பெயின்டைப் பார்க்க வேண்டாம், அமரத்தைத் தட்டுங்கள்.

ஜூன் 29

புதிய பலகை ஏறிவிட்டது. 18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை எப்பாக்ஸிப் பசையில் ஒட்டி 36 மி.மீ. ஆக்கினேன். அதன்மேல் ஃபைபர் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினும்.

அதிக நேரம் போனது போல்ட் துளைகளுக்குத்தான். துளையைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு, எப்பாக்ஸியால் முழுக்க அடைத்து, இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தேன். இப்போது போல்ட்டைச் சுற்றி எப்பாக்ஸிச் சுவர் இருக்கிறது. நாளைக்கு ஓரத்தில் கசிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. பழைய பலகை செத்தது இந்த ஒரு வேலையை யாரும் செய்யாததால்.

ஜூலை 7

மிதவைக் கணக்கு. ஃபைபர் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தி. ஆகவே படகின் 250 கிலோ உடல் தண்ணீருக்குள் சுமார் 85 கிலோதான் கனக்கும். எஞ்சின் 36 கிலோ, பேட்டரி, நங்கூரம், சங்கிலி எல்லாம் சேர்த்தால் 160 கிலோ வரை வரும். படகை மிதக்க வைக்க உள்ளே அடைக்கிற ஃபோம் ஒரு லிட்டர் கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தாங்கும். 160 லிட்டர் போட்டால் படகு மூழ்காது, ஆனால் பிடித்துத் தொங்கும் ஆளுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் 280 லிட்டர். ஃபோமின் எடை பத்துக் கிலோ சொச்சம்தான்.

மீன் பெட்டித் தெர்மோகோல் சும்மா கிடக்கிறதே, அதை வைத்தால் என்ன என்று மாமா கேட்டார். ஒரு துண்டின்மேல் பாலியெஸ்டர் ரெசின் ஊற்றிக் காட்டினேன். சரசரவென்று குழி விழுந்து, கொஞ்ச நேரத்தில் துண்டே பிசினாகிவிட்டது. பெட்ரோல் பட்டாலும் இதே கதிதான். டேங்க் இருக்கிற படகில் பாலியூரித்தேன் ஃபோம்தான் சரி. மாமா அந்தப் பிசினைக் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, பணம் எடுக்க உள்ளே போனார்.

ஜூலை 20

ஃபோமைத் தரைக்கு அடியில் அடைப்பதுதான் வழக்கம். அது எனக்கு ஒப்பவில்லை. கீழே மிதவை, மேலே தண்ணீர் என்றால் படகு புரண்டுவிடும். இரண்டு பக்கமும் விளிம்புக்குக் கீழே, உயரத்தில் வைத்தால் நிமிர்ந்து நிற்கும். எஞ்சின் கனம் பின்னால் என்பதால் அமரத்துக் குறுக்குப் பலகைக்கு அடியிலும் ஒரு பங்கு. ஃபோம் பெட்டிகளுக்குக் கீழே தண்ணீர் ஓட வழி விட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 3

மழை. ஐஸ் பெட்டி மட்டும் முடிந்தது.

ஆகஸ்ட் 17

நேற்று முன்தினம் முதல் அக்டோபர் 15 வரை பேய்க்கணவாய் பிடிக்கத் தடைக்காலம். அதனால் கரையில் ஆட்கள் இருந்தார்கள், படகை இறக்க நாலு கை கிடைத்தது.

இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தினோம். எஞ்சினுக்குப் பதிலாக அதே எடைக்குப் பழைய இரும்பும் சங்கிலியும் அமரத்தில் கட்டினேன். மணல் மூட்டை வேண்டாம் என்றேன், தண்ணீருக்குள் அதன் எடை ரொம்பக் குறைந்துவிடும். இரும்பு எட்டில் ஒரு பங்குதான் இழக்கும். அப்புறம் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பினோம்.

நின்றது. அமரம் நாலு விரல் தாழ்ந்திருந்தது, அவ்வளவுதான். மாமாவும் நானும் ஒரே பக்க விளிம்பில் தொங்கினோம். சாய்ந்தது, புரளவில்லை. கையை விட்டதும் நிமிர்ந்தது. மாமா மறுபக்கம் போய், கேட்காமலே இன்னொரு முறை தொங்கிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 18

கூரை விஷயம் பேசி முடித்தோம். நிரந்தரக் கூரை கிடையாது. இந்தக் காற்றில் அது பாயாகிவிடும், கனமும் மேலே ஏறும். கழற்றி மடிக்கிற துணிப் பந்தல் மட்டும், அதுவும் லகூனுக்குள் (பவளப்பாறைக்கு உள்பக்கக் கடலில்) மட்டும். மாமா ஒத்துக்கொண்டார்.

மிச்சம் விளக்கு. 7 மீட்டருக்குக் குறைந்த படகுக்குச் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்றே போதும் என்ற சலுகை, 7 நாட் (knot, கடல் மைல்/மணி) வேகத்துக்கு மேல் ஓடாத படகுக்குத்தான். இந்த எஞ்சின் அதைத் தாண்டிவிடும். ஆகவே இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, கம்பத்தில் வெள்ளை. வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வாங்கியாகிவிட்டது. ஃப்யூஸ் பேட்டரியின் பக்கத்திலேயே வரும்.