அயேயோவின் கேள்வி

இலண்டனில் கர்ப்பிணி ஒருவரை முதன்முறையாகப் பதிவுசெய்யும்போது மருத்துவிச்சி கேட்க வேண்டிய கேள்விகள் பல. நீரிழிவு உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, புகைப்பழக்கம் உண்டா, வீட்டில் யாரும் கை நீட்டுகிறார்களா என்று அவை போகும். அவற்றின் நடுவே, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாய் திக்கிய ஒரு கேள்வி இருக்கிறது: "சின்ன வயதில் உங்களுக்கு வெட்டியிருக்கிறார்களா?"

எங்கள் வழிகாட்டிக் குறிப்பில் இதற்குப் பெண் பிறப்புறுப்புச் சிதைப்பு என்று பெயர். பெயர் சரியானதே, ஆனால் எதிரே அமர்ந்திருப்பவரிடம் அந்தச் சொல்லை நீட்டினால், "உன் தாய் உன்னைச் சிதைத்துவிட்டாள்" என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். சோமாலியப் பெண்கள் இதைக் குத்னீன் என்கிறார்கள். ஆண்பிள்ளைகளுக்குச் செய்யும் சுன்னத்துக்கும் அவர்களிடம் அதே சொல்தான். ஆகவே அறைக்குள் நான் வெட்டு என்கிறேன், இங்கே எழுதும்போது சிதைப்பு என்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு சோமாலியப் பெண், இருபது வாரக் கர்ப்பிணி, அந்தக் கேள்விக்கு "ஆம்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையின் பிடியைத் திருகத் தொடங்கினார். உலக சுகாதார நிறுவனம் நான்காக வகைப்படுத்தியிருப்பதில் அவருக்குச் செய்யப்பட்டிருந்தது மூன்றாவது வகை. பிறப்புறுப்பின் உணர்முனையும் உள்ளிதழ்களும் அறுக்கப்பட்டு, வெளியிதழ்கள் ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்கப்பட்டு, சிறுநீருக்கும் மாதவிடாய்க்குமாக ஒரு சிறு துளை மட்டுமே விடப்பட்டிருந்தது. ஏழு வயதில், பாட்டி வீட்டு முற்றத்தில், கருவேல முள்ளால் பொருத்தி, காயம் பிளந்துவிடாதிருக்க இடுப்பிலிருந்து கணுக்கால்வரை துணியால் கட்டி வாரக்கணக்கில் படுக்க வைத்திருந்தார்கள். சிறுநீர் கழித்து முடிய ஒவ்வொரு முறையும் கால்மணி நேரமாகும் என்றும், பள்ளியில் மற்றப் பிள்ளைகள் கழிவறைக் கதவைத் தட்டுவார்கள் என்றும், எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்ததாகவும் சொன்னார்.

தைத்ததைத் திறந்துவிடுவது பெரிய சத்திரசிகிச்சை அல்ல. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, தழும்பின் நடுக்கோட்டில் வெட்டி, இரு விளிம்புகளையும் தனித்தனியே தைத்துவிட்டால் முடிந்தது. அவருக்கும் அப்படியே செய்தோம். சிறிது நேரம் கழித்து அவர் கழிவறைக்குப் போனார். உள்ளே சத்தம் கேட்டது. பிறகு ஒரு நிசப்தம். பிறகு கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "அபாயோ, குழாய் திறந்திருக்கிறதென்று நினைத்துவிட்டேன்" என்றார். அபாயோ என்றால் அக்கா, தங்கை இரண்டும்தான்.

2024இல் யுனிசெப் வெளியிட்ட கணக்கின்படி இவ்வாறு வெட்டப்பட்ட பெண்கள் 23 கோடிக்கும் மேற்பட்டோர் இன்று உயிரோடு இருக்கிறார்கள்: ஆப்பிரிக்காவில் 14 கோடிக்கு மேல், ஆசியாவில் 8 கோடி, மத்திய கிழக்கில் 60 இலட்சம். சோமாலியாவில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 99 சதவீதத்தினருக்கு இது நடந்திருக்கிறது. இத்தகைய சதவீதத்தை எதிர்கொள்ளும்போது, அங்கே "யாருக்கு நடந்தது" என்று கேட்பதே பொருளற்றுப் போகிறது.

உடலுக்கு ஆகும் கேடுகளை மருத்துவர்கள் நன்றாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் இரத்தப்போக்கு, ஏற்புவலி (டெட்டனஸ்), சிறுநீர் அடைப்பு. பிறகு ஓயாத சிறுநீர்த் தொற்று, உள்ளே தேங்கிய மாதவிடாயால் வலி, தழும்பில் கட்டிகள், உடலுறவில் வேதனை. பிரசவத்தைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 6 ஆப்பிரிக்க நாடுகளில் 28,000க்கும் மேற்பட்ட தாய்மாரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் வகை வெட்டுள்ளவர்களுக்குப் பிறக்கும் குழந்தை பிரசவத்தை ஒட்டி இறக்கும் ஆபத்து, வெட்டப்படாதவர்களுடையதைவிட ஏறத்தாழ 55 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதாவது, மகளின் நன்மைக்கென்று செய்யப்பட்டது பேரப்பிள்ளையின் உயிரைக் கேட்கிறது.

மகளின் நன்மைக்கு என்பதை நான் எள்ளலாகச் சொல்லவில்லை. இந்த வழக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் அங்கே ஒரு கொடியவனைத் தேடுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை கத்தியைப் பிடிப்பதும் பிள்ளையின் காலைப் பிடிப்பதும் பெரும்பாலும் பெண்களே. சோமாலியாவிலிருந்து பிரிந்து தனியாட்சி நடத்தும் சோமாலிலாந்தின் எட்னா அதானுடைய கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவருடைய தந்தை மருத்துவர், மகளை வெட்டுவதில் உடன்பாடில்லாதவர். அவர் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து, தாயும் பாட்டியும் எட்டு வயதுச் சிறுமிக்குச் செய்து முடித்துவிட்டார்கள். திரும்பி வந்தவர் கண்ணீர் விட்டார். அந்தச் சிறுமி பின்னாளில் பிரித்தானியாவில் மருத்துவிச்சிப் பயிற்சி பெற்று, நாடு திரும்பி, 1970களிலேயே இதைப் பற்றிப் பொதுமேடையில் வாய் திறந்து, 2002இல் தலைநகர் ஹர்கெய்சாவில் தன் பெயரிலேயே மகப்பேற்று வைத்தியசாலையைத் திறந்தார். அந்தப் பாட்டி பேத்தியை வெறுத்தவர் அல்லர். வெட்டப்படாத பெண் அசுத்தமானவள், அவளை யாரும் கட்ட மாட்டார்கள் என்ற ஊரில், கட்டாமல் விடப்படும் பேத்தியை அவரால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

மார்க்கம் இதைக் கேட்கிறது என்று சோமாலியாவில் பலர் நம்புகிறார்கள். குர்ஆனில் இது இல்லை. உலக முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் செய்வதில்லை. எகிப்தின் கொப்டிக் கிறித்தவர்களிடமும் எத்தியோப்பியக் கிறித்தவர்களிடமும் இது இருந்து வந்திருக்கிறது. தைக்கும் முறையைச் சோமாலியர்களே பண்டைய எகிப்தின் பாரோ மன்னர்களின் பெயரால் ஃபிர்அவ்னி என்றுதான் அழைக்கிறார்கள். அதற்கு மாற்றாகச் "சுன்னா" என்று சொல்லப்படும் சிறிய வெட்டு இப்போது நகரங்களில் பரவுகிறது. 2018இல் சோமாலிலாந்தின் மத விவகார அமைச்சு வெளியிட்ட தீர்ப்பும் கடுமையான வெட்டுகளைத் தடுத்து, இந்தச் சிறிய வெட்டுக்கு இடம் விட்டது. பாதி வெட்டுக்கு நன்றி சொல்ல என்னால் முடியவில்லை. எகிப்தில் முற்றத்துக் கத்தி போய் வைத்தியரின் கத்தி வந்தது; 2007இல் மின்யா மாகாணத்தில் 12 வயதுச் சிறுமி இறந்தது ஒரு மருத்துவரின் கையில்தான். கையுறை போட்டுச் செய்தாலும், தன் உடலைப் பற்றிப் பேச வயதில்லாத பிள்ளையிடமிருந்து நலமான ஓர் உறுப்பை எடுப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

சட்டம் போட்டால் நின்றுவிடுமா? 1956இல் கென்யாவின் மேரு பகுதியில், ஆங்கில ஆட்சியின் தூண்டுதலால் உள்ளூர் மூத்தோர் சபை வெட்டைத் தடைசெய்தது. பதின்ம வயதுப் பெண்கள் சவரக் கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். "ங்காயிதானா", என்னை நானே வெட்டிக்கொள்வேன், என்பதே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. மூன்று ஆண்டுகளில் 2,400 பேருக்கு மேல் வழக்கு. சோமாலியாவின் 2012 இடைக்கால அரசியலமைப்பும் பெண் பிள்ளைகளை வெட்டுவது சித்திரவதைக்கு ஒப்பானது என்று தெளிவாகவே சொன்னது. முற்றத்தில் அதை யாரும் வாசிப்பதில்லை.

கட்டு அவிழ்ந்த இடம் என்று நான் நம்புவது செனகல். 1997 ஜூலையில் மாலிக்குண்டா பம்பாரா என்ற ஊரின் பெண்கள், டோஸ்டான் என்ற அமைப்பின் வகுப்பில் உடல்நலத்தையும் உரிமைகளையும் படித்தபின், இனித் தம் பெண் பிள்ளைகளை வெட்டுவதில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்கள் அவர்களை வாய்க்கு வந்தபடி ஏசின. அப்போது தெம்பா தியாவரா என்ற முதிய இமாம் ஒரு விஷயத்தைக் கண்டு சொன்னார்: கொள்வனை கொடுப்பனை பல ஊர்களில் இருக்கும்போது ஓர் ஊர் மட்டும் தனியே விட முடியாது, விட்டால் அதன் பெண்கள் வீட்டோடு நின்றுவிடுவார்கள். அவர் தம் உறவினர் வாழும் ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். 1998 பெப்ரவரியில் 13 கிராமங்கள் சேர்ந்து வெட்டைக் கைவிட்டன. நாட்டின் சட்டம் அதற்குப் பிறகு, 1999இல்தான் வந்தது. சீனத்தில் பாதம் கட்டும் வழக்கம் ஒழிந்ததும் இதே வழியில்தான் என்று ஜெரி மாக்கி என்ற அரசியல் அறிஞர் 1996இலேயே எழுதியிருந்தார். அங்கே பெற்றோர் சங்கமாகக் கூடி, மகளின் பாதத்தைக் கட்டுவதில்லை என்பதோடு, பாதம் கட்டிய பெண்ணை மகனுக்கு எடுப்பதில்லை என்றும் உறுதி கொடுத்தார்கள். அந்த இரண்டாவது உறுதிதான் வேலை செய்தது என்பது என் எண்ணம்.

இது ஆப்பிரிக்காவின் விவகாரம் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில், முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட 1990 ஒக்டோபருக்கு முன், அடுத்த தெருவில் முஸ்லிம் வீடுகள் இருந்த காலத்திலும் எனக்கு எதுவும் தெரியாது. இலங்கை முஸ்லிம்களில் ஒரு பகுதியினரிடையே, குழந்தை பிறந்து நாற்பது நாளுக்குள் ஒஸ்தி மாமி எனப்படும் பெண் வீட்டுக்கு வந்து சிறு வெட்டோ கீறலோ போட்டுச் செல்லும் வழக்கம் இருக்கிறது என்பதை, அந்தச் சமூகத்துப் பெண்களே நாடாளுமன்றக் குழுவின் முன் பேசிய பிறகே அறிந்தேன். 2018இல் சுகாதார அமைச்சு வைத்தியர்கள் இதைச் செய்யக் கூடாதென்று சுற்றறிக்கை அனுப்பியது. மாமிமாருக்குச் சுற்றறிக்கை போவதில்லை.

அந்தக் குழாய்ச் சத்தப் பெண்ணுக்குப் பிறந்தது மகள். பிரித்தானியாவின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கு வாழும் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் வெட்டினாலும் 14 ஆண்டுவரை சிறை. அதனால் பிறந்த மகளுக்கு ஓர் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். தொட்டிலில் கிடக்கும் சிசுவை வைத்துக்கொண்டு அதை நிரப்புவது எனக்குப் பிடிக்காத வேலை. பத்தாம் நாள் வீட்டுக்குப் போனபோது, ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி பிள்ளையை மடியில் வைத்திருந்தார். சோமாலியில் பாட்டிக்கு அயேயோ என்று பெயர். நம் ஐயையோவைப் போலவே ஒலிக்கும். இந்த விஷயத்தில் வீட்டாரை மொழிபெயர்க்க விடக் கூடாதென்பது விதி. ஆனால் கேள்வியைத் தொடங்கியது நானல்ல, பாட்டிதான்.

"உனக்கு வெட்டினார்களா?"

"இல்லை, அயேயோ."

"கலியாணம்?"

"ஆகிப் பதினெட்டு வருடம்."

அவர் என் மோதிரத்தைப் பார்த்தார். "உன் மாமியார் ஒன்றும் சொல்லவில்லையா?"

"சொன்னார். என் மீன்குழம்பில் புளி கூடிப்போகிறதாம்."

பாட்டியின் மகள், பிள்ளையின் தாய், சிரித்துவிட்டு மொழிபெயர்க்கச் சற்று நேரமானது. பாட்டி சிரிக்கவில்லை. எனக்கு ஆண்பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். இரண்டும் பெண்கள் என்றேன். ஏலக்காய் மணத்த தேநீரை என் பக்கம் நகர்த்திவிட்டு, பிள்ளையின் துணியைச் சரிசெய்தபடி ஏதோ சொன்னார்.

"தனக்கு ஏழு பேரன்கள் இருக்கிறார்களாம்" என்றாள் மகள்.