வாசலில் சாக்பீஸ் கோடு போடாதீர்கள்: தாராவியில் ஒரு கல்லூரி ஆலோசனைக் குழு ஓராண்டு பட்ட பாடு

மும்பை தாராவியில் மாணவர்கள் செய்யும் சமூகப் பணிக்கான ஆலோசனைக் குழுவில் இடம் கேட்டு எங்கள் ஊர்ச் சங்கம் எழுதிய கடிதம், கல்லூரி அலுவலகத்திலிருந்து மூன்று முறை திரும்பி வந்தது. முதல் முறை, லெட்டர்ஹெட்டில் சங்கத்தின் பதிவு எண் இல்லை. இரண்டாம் முறை, ஷெட்யூல் 1 (சங்க நிர்வாகிகளின் பெயர் உள்ள அரசுப் பதிவேடு) நகல் கேட்டார்கள். மூன்றாம் முறை நகலையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு கிளார்க் கேட்டார்: "இதுல தலைவர் ஒருத்தர், கடிதத்துல கையெழுத்து வேறொருத்தர். எது சரி?"

இரண்டும் சரிதான், அதுதான் சிக்கல். மகாராஷ்டிரத்தில் 1950ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, நிர்வாகிகள் மாறினால் 90 நாளுக்குள் சேஞ்ச் ரிப்போர்ட் தாக்கல் செய்ய வேண்டும். நம் ஊர்ச் சங்கங்களில் தேர்தல் நடக்கும், மாலை விழும், சாப்பாடு நடக்கும். ரிப்போர்ட் கொடுக்க மட்டும் ஆள் இருக்காது. எங்கள் சங்கத்தில் இரண்டு தேர்தல் அப்படியே போயிருந்தது. ஷெட்யூலில் தலைவராக இருந்த அண்ணாச்சி கடையை விற்றுவிட்டுத் திருநெல்வேலிக்கே திரும்பிப் போய்விட்டார். விட்டுப்போன ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனி ரிப்போர்ட், கூடவே தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு, வக்கீல் செலவு. அந்தச் சமயத்தில் கல்லூரியில் முதல் பருவம் பாதி ஓடிவிட்டது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தக் காகிதம் எதுவுமே தேவைப்படவில்லை. ஆலோசனைக் குழுவில் உட்காரப்போவது சங்கம் இல்லை, ஆட்கள்தான். முதல்வர் தனித்தனி நபர்களாகப் பெயர் குறித்து நியமனக் கடிதம் கொடுத்தால் போதும். இதை ஐந்தாவது நடையில், அதுவும் வேறொரு கல்லூரிப் பேராசிரியர் வாய்மொழியாகத்தான் தெரிந்துகொண்டோம். சங்கத்தின் பெயரில் போகாதீர்கள். ஆதார் நகல், ஒரு பக்கத்தில் உங்களைப் பற்றிய விவரம், எந்தச் சால் (வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பு), எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள், அவ்வளவு போதும்.

போவதற்கு முன் இன்னொன்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரப் பொதுப் பல்கலைக்கழகச் சட்டம் 2016, பிரிவு 97படி ஒவ்வொரு கல்லூரியிலும் கல்லூரி வளர்ச்சிக் குழு உண்டு. அதில் நிர்வாகம் நியமிக்கும் உள்ளூர் உறுப்பினர்கள் நான்கு பேர். குழு வருஷத்துக்கு நான்கு முறையாவது கூட வேண்டும். கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் சான்றுக்காக நடத்தும் ஐ.க்யூ.ஏ.சி. என்ற உள்தர உறுதிக் குழுவிலும் உள்ளூர்ச் சமூகப் பிரதிநிதிக்கு இடம் இருக்கிறது. பெரும்பாலும் இந்த நாற்காலிகளில் நிர்வாகத்துக்கு வேண்டியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். யாரென்று கேளுங்கள். "உள்ளூர்" என்ற சொல்லுக்கு அவர்கள் எவ்வளவு தூரம் வரை அர்த்தம் வைத்திருக்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

நியமனக் கடிதம் வந்ததும் சந்தோஷப்பட்டு மடித்து வைத்துவிடக்கூடாது. எங்களுடையதில் "மாண்புமிகு உறுப்பினர்" என்று இருந்தது. எத்தனை வருஷத்துக்கு, எத்தனை கூட்டம், எதில் கையெழுத்துப் போடும் உரிமை என்று ஒரு வரி இல்லை. திருத்திக் கேட்டு வாங்கினோம். குறிப்பாக மூன்றாவது: மாணவர்களின் நேரப் பதிவேட்டில் மேலொப்பம் போடும் உரிமை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் கூட்டம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. வரவேற்பு, பூங்கொத்து, ஜியோ டேக் போட்ட போட்டோ, டீ. போட்டோ எடுத்ததும் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். பிறகு வந்த கூட்டக் குறிப்பில் "ஆலோசனைகள் விவாதிக்கப்பட்டுப் பாராட்டப்பட்டன" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரே வரி. என்ன ஆலோசனை, யார் செய்வது, எந்தத் தேதிக்குள், ஒன்றும் இல்லை. இரண்டாம் கூட்டத்திலிருந்து ஒரு காரியம் செய்தோம்: போட்டோ கடைசியில்தான். கூட்டக் குறிப்பை அங்கேயே கையால் எழுதி, எல்லோரும் ஒப்பம் போட்ட பிறகு போட்டோ. நாக் கோப்புக்கு அந்தப் படம் அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும், அதனால் யாரும் எழுந்து போவதில்லை. இந்த ஒரு யோசனைக்காகவே எங்கள் குழுவுக்குச் சம்பளம் கொடுக்கலாம்.

இனி சர்வே. அடி வாங்கியது இங்கேதான்.

மும்பைப் பல்கலைக்கழகத்தின் வாழ்நாள் கற்றல் மற்றும் விரிவாக்கத் துறையில் பெண்கள் நிலை ஆய்வு, மக்கள்தொகைக் கல்வி மன்றம், அன்னபூர்ணா யோஜனா என்று திட்டங்கள் பல வருஷமாக நடக்கின்றன. எங்கள் பகுதிக்கு வந்தது பெண்கள் நிலை ஆய்வு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, ஆளுக்கு ஒரு கிளிப்போர்டோடு மாணவர்கள் சந்துக்குள் இறங்கினார்கள். குழுவுக்குத் தகவல் முந்தின நாள் இரவு வாட்ஸ்அப்பில்.

தாராவியில் 2024 மார்ச்சில் மறுமேம்பாட்டு சர்வே தொடங்கியது. வீடு வீடாக வந்து கதவில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே இருக்கிறோம் என்று காட்டக் கரண்ட் பில்லையும் ரேஷன் கார்டையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிற சனம் இது. அங்கே போய் எங்கள் பிள்ளைகள், எந்த வீடு முடிந்தது என்று குழம்பாமல் இருக்க, முடிந்த வீட்டு வாசலில் சாக்பீஸால் ஒரு டிக் போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள்.

அரை மணி நேரத்தில் சந்து நிறையக் கூட்டம். டிக் விழுந்த வீட்டுக்காரர்களுக்கு, நம்மை எதிலோ சேர்த்துவிட்டார்கள் என்று பயம். விழாத வீட்டுக்காரர்களுக்கு, நம்மை விட்டுவிட்டார்கள் என்று அதைவிடப் பெரிய பயம். "பக்கத்து கோலிக்கு (ஒற்றையறை வீட்டுக்கு) கோடு போட்டிருக்கு, எங்க வாசலுக்கு ஏம்ப்பா போடல? நான் இங்க வந்து நாப்பது வருஷம் ஆகுது" என்று ஒரு ஆச்சி ஒரு மாணவியின் கையிலிருந்த சாக்பீஸை வாங்கித் தானே போட்டுக்கொண்டார். இரண்டு பேர் கோட்டை ஈரத்துணியால் துடைத்தார்கள். மாடியில் குடியிருப்பவர்கள் கீழே வந்து எங்களுக்குத் தனி டிக் வேண்டும் என்றார்கள். பூர்த்தியான படிவங்கள் அத்தனையும் வீண், ஏனென்றால் வீடு கிடைக்கும் என்று நினைத்துச் சொன்ன பதில்கள் அவை. குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஊரில் இருக்கும் மருமகன் வரை கணக்கில் வந்துவிட்டார்.

அடுத்த முறை செய்தது இது. ஒரு வாரம் முன்பே சந்து முனையில் தமிழ், மராத்தி, இந்தி மூன்றிலும் ஒட்டினோம்: "இது வீட்டு சர்வே இல்லை. கதவில் எதுவும் எழுதமாட்டார்கள். கரண்ட் பில், ரேஷன் கார்டு, ஆதார் கேட்கமாட்டார்கள்." அதே வரிகள் படிவத்தின் தலையிலும். முடிந்த வீட்டைக் குறிக்க மாணவர் கையில் சந்தின் வரைபடம், அதில் பென்சில். ஒவ்வொரு ஜோடி மாணவரோடும் குழுவிலிருந்து அந்தச் சந்துக்காரர் ஒருவர், வாசல் வரை மட்டும். உள்ளே போகக்கூடாது. தெரிந்தவர் காதில் விழும்படி எந்தப் பெண்ணும் வீட்டுக்காரரின் குடியைப் பற்றிப் பேசமாட்டார். பத்துக்குப் பதினைந்து அடி கோலியில் மாமியார் முன்னால் கேட்டாலும் பேசமாட்டார். அந்த மாதிரிக் கேள்விகளை மட்டும் தனியே எடுத்து, பால்வாடியில் பெண்கள் கூடும் நேரத்துக்கு மாற்றினோம். வேலை நேரமும் மாறியது. குழாயில் தண்ணீர் வரும் நேரம் கூடாது, பள்ளி விடும் நேரம் கூடாது. எங்கள் சந்தில் மதியம் இரண்டரையிலிருந்து நான்கு வரைதான் பெண்கள் உட்காருகிறார்கள். உங்கள் சந்தில் எப்போது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மொழியில் ஒரு வேடிக்கை. கல்லூரி இந்திப் படிவம் கொடுத்தது. நாங்கள் சண்டை போட்டுத் தமிழில் மொழிபெயர்த்து, சொந்தக் காசில் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தோம். தமிழ் பேசும் மாணவிகள் படிவத்தைக் கையில் வாங்கி விழித்தார்கள். வீட்டில் தமிழ்தான், நன்றாகப் பேசுகிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாது. படித்தது எல்லாம் இங்கிலீஷ் மீடியம், இந்தி, மராத்தி. மொத்தக் கட்டும் கடலை மடிக்கப் போனது. இப்போது தமிழ்க் கேள்விகளைத் தேவநாகரி எழுத்தில் அச்சடிக்கிறோம். பார்க்கக் கண்ணை உறுத்தும், ஆனால் வேலை நடக்கிறது. ஜெராக்ஸ் பில்லை மட்டும் முதலிலேயே கல்லூரிப் பெயரில் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காசு வராது. எங்களுக்கு வரவில்லை.

மாணவர்கள் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வயது வந்தோர் வகுப்புக்கு இடம் கிடைப்பது கஷ்டம் என்று நினைத்தோம். அம்மன் கோயில் மண்டபம் ஒரே நாளில் கிடைத்தது. ஆனால் மாதத்தில் சில நாள் பெண்கள் வரவில்லை. பக்கத்துச் சந்து முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டால் வேலை என்பார்கள். பால்வாடிக்கு மாற்றிய மறுவாரமே வந்துவிட்டார்கள். எதைப் படிக்க வேண்டும் என்பதிலும் எங்கள் கணிப்பு தப்பு. தமிழ் அகரவரிசையோடு தயாராக இருந்தோம். அவர்கள் கேட்டது மராத்தி எண்கள். பெஸ்ட் பஸ்ஸின் முகப்பில் எண் தேவநாகரியில்தானே இருக்கிறது, பக்கவாட்டில் இருக்கும் இங்கிலீஷ் எண்ணைப் பார்ப்பதற்குள் வண்டி போய்விடுகிறது.

மத்திய அரசின் வயது வந்தோர் கல்வித் திட்டமான உல்லாஸின் எழுத்தறிவுத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தபோது இனிஷியல் வந்து கழுத்தைப் பிடித்தது. இங்கே படிவம் என்றால் குடும்பப் பெயர், சொந்தப் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர் என்று மூன்று கட்டம். நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஓர் எழுத்தும். ஒரு மாணவர் குடும்பப் பெயர் கட்டத்தில் "எம்" என்று எழுதினார். இன்னொருவர் கணவர் பெயரை எழுதினார். மூன்றாமவர் ஜாதிப் பெயரைக் கேட்டு வாங்கி நிரப்பினார், அதற்கு ஒரு சண்டை. எல்லாவற்றையும் அடித்துத் திரும்ப எழுதினோம். விதி ஒன்றே: ஆதாரில் எந்த வரிசையில், எந்த எழுத்தில் இருக்கிறதோ அப்படியே. ஆதாரிலேயே தப்பு இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள், பிறகு பெயர் கொடுங்கள். தேர்வு சுலபம்தான்: வாசிப்பு, எழுத்து, கணக்கு, தலா 50 மதிப்பெண்.

இப்போது நேரப் பதிவேடு. விரிவாக்கப் பணியில் 120 மணி நேரம் முடித்தால் 10 கூடுதல் மதிப்பெண் என்பது மும்பை மாணவர்களுக்குப் பழக்கமான கணக்கு. இங்கே நடப்பதை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். வகுப்பு ஒன்றரை மணி நேரம், வாரம் மூன்று நாள், ஆக நாலரை மணி. 120ஐ எட்ட 27 வாரம் வேண்டும். ஜூலை மழை, கணபதி, தீபாவளி, இரண்டு பருவத் தேர்வு, விரிவாக்கத் துறையின் உடான் விழா ஒத்திகை எல்லாம் கழித்தால் கல்லூரி வருஷத்தில் அத்தனை வாரம் கிடையாது. அதனால் என்ன நடக்கிறது? பிப்ரவரியில் ஒரு மாணவர் பதிவேட்டை நீட்டுகிறார், தொடர்ந்து முப்பது நாள், நாளுக்கு நான்கு மணி, ஒரே பேனா, ஒரே மை. அதில் ஞாயிறுகளும் உண்டு, பால்வாடி பூட்டியிருந்த நாள்கள்.

கையெழுத்துப் போடவில்லை. பெற்றோர் வந்தார்கள், பேராசிரியர் வந்தார், "பிள்ளைங்க வாழ்க்கை அண்ணாச்சி" என்றார்கள். பிள்ளைகள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை, கணக்கே அப்படி அமைந்திருக்கிறது. கடைசியில் பாடம் தயாரித்தது, படிவம் மொழிமாற்றியது, அறிக்கை எழுதியது எல்லாவற்றையும் தேதியோடு தனிப் பத்தியில் உண்மையாக எழுதச் சொல்லி, அதற்கு ஒப்பம் போட்டோம். பலருக்கு 120 வந்தது, சிலருக்கு வரவில்லை.

இந்த இழுபறியிலிருந்து தப்ப ஒரு வழி இருக்கிறது. புதிய பாடத்திட்டத்தில் சமூக ஈடுபாட்டுக்கென்றே கிரெடிட் உண்டு. களப்பணியில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி. இரண்டு கிரெடிட்டுக்கு 60 மணி, அதாவது எங்கள் வேகத்தில் 14 வாரம். ஒரு பருவத்துக்குள் அடங்கும். மாலை வகுப்பை அந்தக் கணக்கில் வைக்கச் சொல்லி அடம்பிடியுங்கள். 120 மணி மாணவர்களுக்கு சர்வே, தெருநாடகம், ஸ்டால் என்று நாள் முழுக்க நடக்கும் வேலைகளைக் கொடுங்கள். எங்கள் கல்லூரி நான்காவது கூட்டத்தில்தான் இதற்கு ஒத்துக்கொண்டது, அதுவும் அடுத்த வருஷத்துக்கு.

ஏப்ரல், மே மாதத்துக்கு எதையும் திட்டமிடாதீர்கள். ரயில் டிக்கெட் 60 நாள் முன்னால் திறந்ததுமே பாதிச் சந்து நாகர்கோவில் வண்டிக்குப் பதிவு செய்துவிடும். அந்தச் சமயத்தில் கல்லூரி அனுப்பும் "நிறைவு விழா" அழைப்பைக் கூசாமல் மறுத்துவிடுங்கள்.

ஜூலையில் புது மாணவர்கள் வருகிறார்கள். இந்த முறை பதிவேடு பால்வாடி அலமாரியில், சாவி குழுவிடம். அன்றன்றைக்கு அங்கேயே எழுதி ஒப்பம் வாங்கிவிட்டுத்தான் போக வேண்டும். உள் அட்டையில் தேவநாகரி எழுத்தில், தமிழில், சிவப்பு மையில் ஒட்டியிருக்கிறோம்: சாக்பீஸ் கொண்டு வரக்கூடாது.