சுருங்கிய பட்டாணி

பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கும்போது எங்கள் உயிரியல் ரீச்சர் மீட்டலைத் தொடங்கினார். பிறப்புரிமையியலுக்கு ஒரு கொப்பி, கூர்ப்புக்கு இன்னொன்று, உயிரினப் பல்வகைமைக்கு மூன்றாவது என்று வைத்திருந்தோம். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, "இது மூன்று பாடம் இல்லை பிள்ளைகள், ஒரே கதை" என்றார். அன்று எனக்கு அது பாதிதான் விளங்கியது.

பட்டாணிச் செடிகளைக் கலப்புச் செய்து இயல்புகள் பரம்பரையாக வரும் விதத்தைக் கண்டறிந்த மெண்டலின் 3:1 எல்லோருக்கும் மனப்பாடம். நான்கு செடி முளைத்தால் மூன்று நெட்டை, ஒன்று குட்டை என்றே நினைத்திருந்தோம். ரீச்சர் ஆளுக்கு இரண்டு நாணயம் தந்து 20 தரம் சுண்டச் சொன்னார். தலை ஆட்சியான இயல்பு, ஒன்று இருந்தாலே வெளியில் தெரியும்; பூ பின்னிடைவானது, இரண்டும் அதுவானால்தான் தெரியும். எனக்கு இரண்டும் பூவாக விழுந்தது 2 தரம்தான். பக்கத்தில் இருந்தவளுக்கு 8 தரம். வகுப்பு முழுவதையும் கூட்டினோம், காற்பங்கை நெருங்கியது! அப்புறம்தான் மெண்டலின் எண்களைப் பலகையில் எழுதினார்: உருண்டை வித்து 5,474, சுருங்கிய வித்து 1,850. வகுத்தால் 2.96. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட வித்துகளை எண்ணி 1866இல் அச்சில் வெளியிட்டவர் 1884இல் இறந்துபோனார். உலகம் அதைக் கவனித்தது 1900இல். அதைச் சொன்னபோது ரீச்சரின் குரல் தாழ்ந்தது இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்த மூன்று நாளும் ஒடுக்கற்பிரிவு, அதாவது விந்தும் முட்டையும் உண்டாகும் கலப்பிரிவு. மனிதரில் பரம்பரை அலகுகளைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் 23 சோடி. ஒவ்வொரு சோடியும் தன்பாட்டுக்குப் பிரிவதால், ஒருவரிடமிருந்து மட்டும் ஏறத்தாழ 84 இலட்சம் வகையான புணரிகள் (விந்து அல்லது முட்டை) வரலாம். தாய், தகப்பன் இருவரையும் சேர்த்துப் பெருக்கினால் 70 இலட்சம் கோடி. சோடி நிறமூர்த்தங்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்குப் பரிமாற்றத்தை இதில் நாங்கள் சேர்க்கவே இல்லை. அந்தப் பெருக்கலைச் செய்து முடித்தபோதுதான் இரண்டாவது கொப்பி எனக்குத் திறந்தது. டார்வின் 1859இல் சொன்ன இயற்கைத் தேர்வுக்குத் தெரிவு செய்ய வேறுபாடு வேண்டும். அது எப்படிப் பரம்பரையாகக் கடத்தப்படுகிறது என்பதற்கு அவரிடம் சரியான விடை இருக்கவில்லை. அந்த விடை மெண்டலின் பட்டாணியில் கிடந்தது.

மூன்றாவது கொப்பியில், உயிரினங்களை வகைப்படுத்தும் கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்ற வரிசையை ஓட்டமாக முடித்தோம். பெயர்களைப் பாடமாக்குவதில் எனக்கு என்றுமே விருப்பம் இருந்ததில்லை. கிளை பிரிந்த இடங்கள்தான் பிடித்தன.

இப்போது என் மகளுக்குப் பரீட்சை. கூட இருந்து மீட்டபோது, "அம்மா, உங்கள் கொப்பியில் ஐந்து இராச்சியம் என்று இருக்கிறது, எங்கள் புத்தகத்தில் முதலில் மூன்று பேரிராச்சியம் வருகிறது" என்றாள். என் கொப்பியில் இருந்தது விட்டேக்கர் 1969இல் முன்வைத்த முறை. நுண்ணுயிரியலாளர் கார்ல் வோஸ், கலங்களில் புரதம் ஆக்கும் இறைபோசோமின் ஆர்என்ஏயை ஒப்பிட்டு, மொனேரா என்ற ஒரே இராச்சியத்தில் போட்டிருந்த நுண்ணங்கிகளுக்குள், பின்னர் ஆர்க்கியா எனப்பட்ட முற்றிலும் வேறான ஒரு கூட்டம் இருப்பதை 1977இல் காட்டினார். பூஞ்சைகள் தாவரங்களை விட விலங்குகளுக்குத்தான் நெருங்கிய உறவு என்பதும் இப்படியான மூலக்கூற்று ஒப்பீடுகளில் உறுதியானது. சரி, உறவைத் தேடிப் போனால் திரும்பவும் முதலாவது கொப்பிக்கே வர வேண்டியிருக்கிறது.

மகளிடம் இன்னொன்றும் சொன்னேன். அந்தப் பட்டாணி ஏன் சுருங்கியது என்று அன்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்கவில்லை. 1990இல் விடை வந்தது. மாப்பொருளைக் கிளைவிடச் செய்யும் ஒரு நொதியத்துக்கான பரம்பரை அலகுக்குள், சுமார் 800 மூலச் சோடி நீளமான டிஎன்ஏ துண்டு ஒன்று புகுந்திருக்கிறது. மாப்பொருள் குறைய, வித்தில் வெல்லம் தேங்குகிறது. வெல்லம் கூடிய வித்து நீரை நிறைய எடுத்துப் பருத்து, காயும்போது சுருங்கிவிடுகிறது. இதை ரீச்சரிடம் நேரில் சொல்ல ஆசைப்பட்டிருக்கிறேன்.

மகள் கேட்டு முடித்துவிட்டு இரண்டு நாணயம் தேடப் போனாள். நான் பழைய கொப்பியை எடுத்தேன். மொனேராவை அழிக்க மனம் வரவில்லை. அதன் கீழே இரண்டு கோடு கீறி, ஒன்றில் பற்றீரியா, மற்றதில் ஆர்க்கியா என்று எழுதிவைத்தேன்.