நியூஜெர்சியில் என் முதல் பிரைமரி வாக்கு

2024 மார்ச்சில் நெவார்க்கில் அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்துக்கொண்டபோதே, அடுத்து வரும் பிரைமரித் தேர்தலில் வாக்களித்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் இந்த முறை, தமிழ்நாட்டில் வாக்களித்துப் பழகிய எனக்கு முற்றிலும் புதியது.

முதலில் நண்பர்களிடம் விசாரித்தேன். இங்கே வாக்காளர் தன் பெயரை ஒரு கட்சியின் கீழ் பதிவு செய்துகொள்ளலாம்; பிப்ரவரி 14-ஆம் தேதியோடு அந்தக் கட்சியை மாற்றுவதற்கான கெடு முடிந்துவிட்டது என்றார் ஒருவர். ஏப்ரல் 23 அன்று தேர்தல், 8-ஆம் தேதிக்குள் பெயரைச் சேர்த்துவிடுங்கள் என்றார் இன்னொருவர். இருவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் முதலாமவர் வசிப்பது நியூயார்க்கில், அடுத்தவர் பென்சில்வேனியாவில். தேர்தல் விதிகளும் தேதிகளும் இங்கே மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன என்பதால், பக்கத்து மாநிலத்துக்குச் சரியான தகவலே நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும்.

அதன்பின் நியூஜெர்சி மாநிலத் தேர்தல் பிரிவின் இணையதளத்தை மட்டுமே நம்பினேன். பிரைமரி ஜூன் 4 அன்று, வாக்காளராகப் பதிவு செய்ய அதற்கு 21 நாள் முன்பு வரை, அதாவது மே 14 வரை அவகாசம். ஏற்கெனவே ஒரு கட்சியின் பெயரில் பதிவானவர் வேறு கட்சிக்கு மாற விரும்பினால் 55 நாள் முன்பே, ஏப்ரல் 10-க்குள், படிவம் தந்திருக்க வேண்டும். எந்தக் கட்சியையும் குறிப்பிடாதவரோ வாக்குப்பதிவு நாளன்று சாவடியிலேயே கட்சியை அறிவித்து வாக்களிக்கலாம். இதைத் திரையில் படித்த பிறகும் ஐயம் தீராமல், கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தேர்தல் வாரியத்தைத் தொலைபேசியில் அழைத்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

இணையத்தில் பதிவு செய்த சில நாள்கள் கழித்து, பட்டியலில் என் பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை. பெயர், குடும்பப் பெயர், பிறந்த மாதம், ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்துத் தேட வேண்டும். இன்னும் பதிவாகவில்லையோ என்று பதறிப்போனேன். பிறகுதான் புரிந்தது: ஊரில் என் அப்பாவின் பெயர் வெறும் முன்னெழுத்து, ஓட்டுநர் உரிமத்தில் அது முழுதாகக் குடும்பப் பெயரின் இடத்தில் நிற்கிறது. உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு செய்ததும் என் பதிவு வந்தது. தமிழர் பலருக்கும் இந்தச் சிக்கல் வரும்; பெயரை மாற்றி இட்டுத் தேடிப் பார்க்காமல், விடுபட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் எந்தப் படிவத்திலும் குடிமகன் என்ற கட்டத்தில் குறியிடவே கூடாது. அறியாமல் செய்தாலும் அது பின்னாளில் குடியுரிமைக்கே பெரும் இடையூறாகலாம்.

தேர்தலுக்கு முன்பு கவுண்டி எழுத்தரின் இணையதளத்தில் மாதிரி வாக்குச்சீட்டுகளைப் பார்த்துக்கொண்டேன். ஜனநாயகக் கட்சியின் சீட்டில் ஒவ்வொரு பதவிக்கும் போட்டியிடுவோர் பெயர்கள் ஒரே இடத்தில் தொகுக்கப்பட்டிருந்தன. கட்சி ஆதரித்தவர்களை ஒரே வரிசையில் அடுக்கும் பழைய வடிவத்தை அவ்வாண்டு அக்கட்சியின் பிரைமரியில் பயன்படுத்தக் கூடாது என்று மார்ச் 29 அன்று கூட்டாட்சி நீதிபதி ஒருவர் உத்தரவிட்டிருந்தார். பழைய சீட்டின் படத்தை வைத்துத் தயாராகியிருந்தால் குழம்பியிருப்பேன்.

ஜூன் 4 காலை சாவடியில் பதிவேட்டில் என் பெயரைக் கண்டுபிடித்த அம்மையார், எந்தக் கட்சியின் பிரைமரி என்று கேட்டார். சொன்னேன், கையெழுத்திட்டேன். அன்று முதல் என் பெயர் அந்தக் கட்சியின் வாக்காளராகவே பதிவாகியிருக்கிறது. மறுபடி மாற்றுவதென்றால் தனிப் படிவம் தர வேண்டும்.