இப்பவும் கேக்குதோ?

2022 பங்குனி, இலங்கையில் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய காலம். ஏஎல் (உயர்தர) சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஓர் இரவு ஃபேன் நின்றதும் வலது காதுக்குள் ‘கீ...’ என்று ஒரு சத்தம். சில்வண்டாக்கும் என்று யன்னலைச் சாத்தினேன். நிற்கவில்லை. காதைப் பொத்தினால் இன்னும் கூடியது.

அம்மம்மா உள்ளி காய்ச்சிய நல்லெண்ணெய் விட்டார். (காதில் எதையும் விடக்கூடாது என்று பிறகு ஏச்சு வாங்கினோம்.) ஒரு தனியார் கிளினிக்கில் 3 நிமிடம் பார்த்துவிட்டு, விற்றமின் எழுதித் தந்து, “போனைக் குறை” என்றார்கள். கோபம் வந்தது, ஆனால் பொய்யில்லை. கொரோனாக் காலத்து சூம் வகுப்புகளுக்கு ஹெட்செற்றைக் கழற்றாமல் இருந்தவள் நான். வகுப்பு முடிந்தால் பாட்டு.

அப்புறம் பெரியாஸ்பத்திரி. விடியவே போய்த் துண்டெடுத்துக் காத்திருந்தோம். குறும்பி அடைப்பு இல்லை, செவிப்பறையும் நல்லாக இருந்தது. கேட்டல் பரிசோதனைக்காக ஒரு சின்ன அறைக்குள் இருத்தி, ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைத் தந்தார்கள். சத்தம் கேட்டால் அமத்த வேண்டும். தடித்த சத்தங்கள் வரை சுகம். சத்தம் கீச்சாகி 4000 ஹேர்ட்ஸ் தாண்டியதும் எது மெஷினின் சத்தம், எது என்னுடையது என்றே தெரியவில்லை. சும்மா சும்மா அமத்தினேன். பரிசோதித்த அக்கா சிரித்துக்கொண்டு, ‘பீப் பீப் பீப்’ என்று விட்டுவிட்டு வரும் சத்தமாக மாற்றித் தந்தார். என் சத்தம் விடாமல் கேட்கும், இது விட்டுவிட்டு. பிரித்தறிய முடிந்தது.

8000 ஹேர்ட்ஸ் வரை எல்லாம் சரி என்று வரைபடம் வந்தது. அம்மாவுக்குச் சந்தோசம். நான் வெளி விறாந்தையில் நின்று அழுதேன். வருத்தமே இல்லையென்றால் நான் பொய் சொல்கிறேனா?

டொக்டர் அதைக் கண்டிருக்க வேண்டும். உட்காதின் நுண்மயிர்க் கலங்களோ நரம்போ கொஞ்சம் பழுதானால் இந்த வரைபடத்தில் தெரியாமலும் போகும், குறைந்துபோன ஒலியை மூளை தானே கூட்டிப் பார்க்கும், அதுதான் இரைச்சல் என்றார். பிறகு, “எத்தனை மணிக்குப் படுக்கிறீங்கள், பிள்ளை?” என்று கேட்டார். 2 மணி. ஆறுக்கு ரியூசன். “பயமா இருக்கோ?” பதில் சொல்லவில்லை. உளநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

அப்பா பஸ்ஸில் கோண்டாவில் வரும்வரை பேசவேயில்லை. இறங்கும்போது மட்டும், “எங்கட பிள்ளைக்கென்ன விசரோ?”

ஆனாலும் அடுத்த கிழமை அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மருந்து தரவில்லை, ஒரு கொப்பிதான். ஒவ்வொரு நாளும் சத்தத்துக்குப் பத்துக்கு எத்தனை, எத்தனை மணிநேர நித்திரை, அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுத வேண்டும். மூன்று கிழமையில் எனக்கே விளங்கியது: மாதிரிச் சோதனைக்கு முதல்நாள் 9, கோயில் திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் நின்ற நாளுக்கு அடுத்தநாள் 8, சித்தி வீட்டில் பிள்ளைகளோடு விளையாடிய நாள் 3. பயந்தால் கூடுகிறது, கூடினால் பயம், பயத்தில் நித்திரை இல்லை. இந்தச் சுற்றைத்தான் அங்கே கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்தோம். “இந்தச் சத்தத்தால் பெயிலாகப் போறன்” என்ற நினைப்பு வரும்போது அதற்கு ஆதாரம் என்ன என்று எழுதிப் பார்ப்பது, 11 மணிக்குப் படுப்பது, இரவில் இரைச்சலை மூடாத அளவுக்கு றேடியோவை மெல்லப் போட்டு வைப்பது.

அம்மாவுக்கும் ஒரு வேலை தந்தார்கள்: காலையில் எழும்பியதும் “கேக்குதோ?” என்று கேட்பதை நிறுத்த வேண்டும். அவருக்கு அதுதான் பெரிய கஷ்டம்.

2023 தையில் சோதனை தொடங்கியது, எழுதினேன். சத்தம் முற்றாகப் போகவில்லை. போன கிழமை முற்றத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தபோது அம்மம்மா கேட்டார், “இப்பவும் கேக்குதோ, பிள்ளை?”

“நீங்கள் கேட்ட பிறகுதான் அம்மம்மா கேக்குது.”