குர்ன்சியின் விக்டோரியா மெரினா: 4.2 மீட்டர் தடுப்பைத் தாண்டி

இங்கிலீஷ் கால்வாயில், பிரான்ஸ் கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது குர்ன்சி தீவு. பாய்மரப் படகில் அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் படகைக் கட்டுவது தலைநகர் செயின்ட் பீட்டர் போர்ட்டின் விக்டோரியா மெரினா என்ற படகுத்துறையில். படகை விட்டு ஏறினால் கடைத்தெரு. ஆனால் நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. வாசலுக்குக் குறுக்கே ஒரு தடுப்பு இருக்கிறது. அதன் மேல்மட்டம் கடல் வரைபடத்தின் பூஜ்ய மட்டத்துக்கு (ஏற்ற வற்ற உயரங்களை எங்கிருந்து அளக்கிறார்களோ அந்த மட்டம்) மேல் 4.2 மீட்டர். கடல் வற்றினாலும் உள்ளே இருக்கும் படகுகள் மிதக்கத் தண்ணீரைப் பிடித்துவைப்பது அதன் வேலை. வெளியே வற்றம் முழுதாக இறங்கிவிட்டால் மெரினா ஒரு குளம்தான், உள்ளேயும் வெளியேயும் போக்குவரத்து கிடையாது.

கணக்கைக் கிளம்பும் முன்பே போட்டுவிட வேண்டும். படகு நீருக்குள் 1.8 மீட்டர் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தடுப்பு 4.2, கீலுக்குக் (படகின் அடியில் துருத்தி நிற்கும் பகுதி) கீழே இடைவெளி 0.5, ஆக மொத்தம் 6.5 மீட்டர் ஏற்றம் வேண்டும். அமாவாசை, பௌர்ணமிக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து வரும் பெரிய ஏற்றத்தில் இங்கே உச்சம் சராசரியாக 9.3, வற்றம் 1.4. ஆறு மணி நேரத்தில் நீர் 1, 2, 3, 3, 2, 1 என்று பன்னிரண்டில் பங்குகளாக இறங்கும் என்ற பழைய கணக்குப்படி, உச்சத்துக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய 2 மணி 25 நிமிடம் வாசல் நமக்குத் திறந்திருக்கும்.

பலரும் சின்ன ஏற்ற நாட்களில் கடல் சாதுவாக இருக்கும், நுழைவது சுலபம் என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. பாதிநிலாவை ஒட்டிய நாட்களில் உச்சமே சராசரி 7.0தான், வற்றம் 3.6. அதே படகுக்கு உச்சத்தின் இருபுறமும் கிடைப்பது ஒரு மணி இருபது நிமிடம். போதாக்குறைக்குக் காற்றழுத்தம். 1013 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலுக்கும் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். 1038 என்று காட்டும் வெயில் நாளில் 25 சென்டிமீட்டர் காணாமல் போகும். நாம் விட்ட 0.5 இடைவெளியில் பாதி அது. அட்டவணை கிரீன்விச் நேரத்தில் இருந்தால் கோடையில் ஒரு மணி கூட்ட வேண்டும். பிரான்சிலிருந்து வருகிறவர்கள் கடிகாரத்தை மாற்றாமல் வந்தால் இன்னொரு மணி தவறும்.

வடக்கிலிருந்து வந்தால் லிட்டில் ரஸ்ஸல் கால்வாய். 220 டிகிரி வழிகாட்டிக் கோட்டை (கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் வைத்துப் போகும் பாதை) பிடித்து, ரூஸ்டல் கோபுரத்தையும் பிரெஹோன் கோட்டையையும் இடப்புறம், பச்சைநிற பிளாட் கோபுரத்தை வலப்புறம் விட்டு வர வேண்டும். இதில் ஒரு சூழ்ச்சி: துறைமுகத்தில் ஏற்றம் உச்சத்தைத் தொடும்போது கால்வாயில் நீரோட்டம் ஓய்வதில்லை, வடகிழக்காக இழுக்கும். பெரிய ஏற்றத்தில் 5 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தையும் தாண்டும். 5 நாட்டில் போகும் படகு அதை எதிர்த்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். எனவே மெரினா நேரத்துக்குச் சரியாக வர நினைக்காதீர்கள். ஓட்டம் தெற்கே இறங்கும்போதே, உச்சத்துக்கு மூன்று மணி நேரத்துக்கும் முன்பாக, கால்வாயைக் கடந்துவிட்டு துறைமுகத்துக்குள் காத்திருப்பதே புத்தி. ஜெர்சியிலிருந்தோ செயின்ட் மாலோவிலிருந்தோ தெற்கு வழியாக வருகிறவர்களுக்கு அதே ஓட்டம் துணை.

துறைமுக வாயிலில் சிவப்பு விளக்கு எரிந்தால் பெரிய கப்பல் அசைகிறது என்று பொருள், ஒதுங்கி நில்லுங்கள். வி.எச்.எஃப். ரேடியோவில் சேனல் 12இல் துறைமுகக் கட்டுப்பாடு, 80இல் மெரினா. பாயை வெளியிலேயே இறக்கி, இருபுறமும் ஃபெண்டர் (உரசலைத் தாங்கும் மெத்தை), முன்னும் பின்னும் கயிறு கட்டித் தயாராக வாருங்கள். வாசல் திறக்காவிட்டால் காத்திருப்பு பான்டூனில் (மிதக்கும் மேடை) கட்டிக்கொள்ளலாம். அங்கே பக்கத்துப் படகோடு சேர்த்துக் கட்டும்படிதான் இருக்கும்.

தடுப்பில் எக்கோ சவுண்டரை (ஒலியால் ஆழம் அளக்கும் கருவி) நம்பி நுழையக் கூடாது. சுவர் போல எழும் தடுப்புக்கு முன்னால் வரை அது ஆழமாகவே காட்டும். எண் சட்டென்று குறையும்போது கீல் ஒன்றிரண்டு மீட்டர் பின்னால்தான் இருக்கும், நிறுத்த நேரமிருக்காது. வாசலில் தடுப்புக்கு மேல் எவ்வளவு தண்ணீர் என்று காட்டும் அளவுகோலைப் படியுங்கள். முன்னால் ஒரு படகு போய்விட்டதே என்று பின்தொடராதீர்கள். அது ஒரு மீட்டர் மட்டுமே நீருக்குள் இறங்கும் மோட்டார் படகாக இருக்கலாம்.

முடிந்தவரை ஏறும் நீரில் நுழையுங்கள். அப்போது கீல் உரசினாலும் சில நிமிடத்தில் நீரே தூக்கிவிடும். தண்ணீர் 20 சென்டிமீட்டர் போதாவிட்டால் பெரிய ஏற்றத்தின் வேகமான மணியில் ஆறு நிமிடம் பொறுத்தால் போதும், சின்ன ஏற்றத்தில் இருபது நிமிடம்கூட ஆகும். இறங்கும் நீரில் தடுப்பில் மாட்டினால் தண்ணீர் விலக விலகப் படகு பக்கவாட்டில் சாயும். கீல், சுக்கான் இரண்டுக்கும் ஆபத்து.

உள்ளே கட்டியதும் வெளியேறும் நாளின் உச்சத்தையும் பாருங்கள். 2.1 மீட்டர் இறங்கும் படகுக்கு அதே இடைவெளியோடு 6.8 வேண்டும். ஏற்றம் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டு போகும் வாரத்தில், உச்சம் அதற்குக் கீழே போய்விட்டால், அது மறுபடி வளரும்வரை சில நாள் குர்ன்சிவாசிதான்.