13.5-இல் நிறுத்திய பலூன்

"முழுசா விரிச்சுட்டீங்களா தம்பி?" என்று, சுருங்கிப்போன குடலைப் பலூன் வைத்து விரித்த அன்று, பையனின் அப்பா கேட்டார். "இன்னிக்குப் போதுமான அளவு விரிச்சிருக்கோம் ஐயா, மீதியை அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் எண்டோஸ்கோப்பி ரூமில் பலூனுக்குத் தண்ணீர் ஏற்றும் கன்னைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த 'மீதி' ஞாபகம் வருகிறது.

க்ரோன்ஸ், அதாவது குடலில் திரும்பத் திரும்ப அழற்சி வரும் நோய், என்று முடிவாவதற்கு முன்பே அந்தப் பையன் நிறையப் பட்டிருந்தான். நம் பக்கத்தில் சிறுகுடல் முடியும் இடத்தில் புண்ணும் சுருக்கமும் தெரிந்தால் முதலில் டிபியைத்தான் நினைப்பார்கள், அதில் தப்பே இல்லை, இரண்டும் அவ்வளவு ஒத்துப்போகும். ஆறு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டும் சுருக்கம் அப்படியே இருந்தது. களி உள்ளே போகும், கீரைத்தண்டு போனால் அன்று ராத்திரி வயிறு உப்பி, முறுக்கி, வாந்தி. ஸ்கேனில் சுருக்கம் 3 செ.மீ. தான், பக்கத்தில் சீழ் இல்லை, ஃபிஸ்டுலா (குடலைத் துளைத்துக்கொண்டு போகும் புண்வழி) இல்லை. பலூனுக்கு ஏற்ற கேஸ் என்றார் டாக்டர்.

ஒரே பலூன்தான் 12, 13.5, 15 மி.மீ. என்று மூன்று அளவுக்கு விரியும். தண்ணீரை ஏற்ற ஏற்ற அழுத்தம் 3, 4.5, 8 அட்மாஸ்பியர் என்று போகும், நான் கன்னைத் திருகிக்கொண்டே சத்தமாகப் படிப்பேன். 13.5-இல் ஒரு நிமிடம் நிறுத்தி, இறக்கிப் பார்த்தோம். லேசான கிழிசல், கொஞ்சம் ரத்தம். அப்படிக் கிழிந்தால்தான் விரிந்திருக்கிறது என்று அர்த்தம், ஆனால் ஆழமாகக் கிழிந்தால் ஓட்டை. நான் அடுத்த அளவுக்குத் தயாராக இருந்தேன். டாக்டர் அந்தக் கிழிசலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போதும்" என்றார். விரித்த இடத்தில் ஸ்கோப், அதாவது கேமரா குழாய், இறுக்கமாகத்தான் உள்ளே போனது.

கிழிசலைப் பார்த்து நிறுத்தினாரா, சர்ஜன் ஊரில் இல்லை என்று நிறுத்தினாரா? சர்ஜன் அன்று சேலத்தில் ஒரு கேஸுக்குப் போயிருந்தார். கூப்பிட்டால் வந்துவிடுவார், ஆனால் தொப்பூர் கணவாயைத் தாண்டி வர வேண்டும், அங்கே ஒரு லாரி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பலூன் வைக்கும் 100 தடவையில் இரண்டு மூன்று தடவை ஓட்டையோ பெரிய ரத்தப்போக்கோ வரும். அந்த இரண்டு மூன்றில் ஒன்று எங்கள் கிருஷ்ணகிரியில் சாயங்கால நேரத்தில் வந்தால் வேறு கணக்கு. டாக்டரிடம் நான் கேட்கவில்லை. ஒரு டெக்னீஷியன் கேட்கிற கேள்வியா அது? கேட்டிருந்தாலும் இரண்டுமே என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. "சொட்டுநீர்க் குழாயில உப்பு அடைச்சா பாதி எடுத்துட்டு விடமாட்டோம் தம்பி" என்றார், கோபமில்லாமல்தான். குடல் சொட்டுநீர்க் குழாய் மாதிரி இல்லை, அது திரும்ப இறுகும், முழுசாக விரித்தாலும் இறுகும் என்று அப்போது விளக்கியிருக்கலாம். இரண்டு வருடத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு மறுபடி பலூன் தேவைப்படுகிறது, ஏறக்குறைய 10 பேரில் 4 பேர் ஆபரேஷனுக்கே போகிறார்கள். 15 வரை போயிருந்தால் அதிக நாள் தாங்கியிருக்கும் என்பதற்கும் உறுதி கிடையாது. இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போது சரியாகத்தான் இருக்கிறது. அடுத்த மாங்காய் சீசனில், ஆள் கிடைக்காத நேரத்தில், அந்த மனுஷன் தோப்பை விட்டுவிட்டுப் பையனை மறுபடி அட்மிட் பண்ண வந்து நின்றபோது மட்டும் சரியாக இல்லை.

கடைசியில் பெங்களூரில் அந்த இடத்தை வெட்டி எடுத்துச் சேர்த்தார்கள். பையன் நன்றாக இருக்கிறானாம். அப்படியென்றால் முதலிலேயே ஆபரேஷன் பண்ணியிருக்கலாமோ என்று தோன்றும், உடனே, வெட்டிச் சேர்த்த இடத்திலும் இந்த நோய் திரும்ப வரும், அன்றைக்கும் பலூனைத்தான் தேடுவார்கள், இளவயதுப் பையனுக்குக் குடலை எவ்வளவு மிச்சம் பிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றும் தோன்றும்.

இப்போதெல்லாம் கையெழுத்து வாங்கும்போதே, இது ஒரு தடவையோடு முடியாமல் போகலாம், சர்ஜன் இருக்கிற நாளாகக் கேட்டு வாங்குங்கள் என்று சொல்லிவிடுகிறேன். டாக்டருக்கு அது பிடிக்கவில்லை, பயமுறுத்தினால் வயிற்றுவலியோடு வீட்டிலேயே கிடப்பார்கள் என்கிறார். போன மாதம் தேதி வாங்கிக்கொண்டு போன ஒருவர் வரவில்லை. நான் சொன்னதாலா, வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாரா, தெரியாது. போன் பண்ணிப் பார்க்க வேண்டும்.